ஏசம்மாள் களையெடுத்த வரிசை

செவ்வாய்க்கிழமை காலையில் சோலைராஜ் மம்சாபுரத்துத் தோட்டத்துக்குப் போனபோது, கத்தரிச் செடிகளுக்கு நடுவே ஒரு வரிசை மட்டும் சுத்தமாகக் களையெடுத்துக் கிடந்தது.

அவன் ஆள் யாரையும் விடவில்லை. இருபது நாளாக அந்தத் தோட்டத்தில் இறங்க ஒருத்தரும் வரவில்லை. மற்ற வரிசைகளில் கோரை, செடியை மூடிக்கொண்டு நின்றது. பிடுங்கிய களை வரப்போரம் கைப்பிடி கைப்பிடியாக, வேர் வெயிலைப் பார்க்க அடுக்கியிருந்தது. அப்படி அடுக்குகிற கை ஒன்றுதான். ஏசம்மாள். அவளைப் புதைத்து இருபது நாள் ஆகிறது.

வீட்டில் மனைவி காளீஸ்வரியிடம் அவன் வாய் திறக்கவில்லை.

புதன்கிழமை மூன்று வரிசை. வியாழக்கிழமை வெயில் ஏறும் நேரம், மோட்டார் அறைக்குள் நின்றவன் காதில் அது விழுந்தது. செண்பகத்தோப்புப் பக்கமிருந்து இறங்குகிற காற்று தென்னை ஓலைகளை உரசிப் போகிற சத்தத்துக்கும், வாய்க்கால் தண்ணீரைக் காய்ந்த மண் உறிஞ்சுகிற சத்தத்துக்கும் அடியில், வேர் பிய்ந்து வருகிற சரக்கென்ற ஓசையும், வேரில் ஒட்டிய மண் உதிர அதைக் களைக்கொத்தியின் காம்பில் தட்டுகிற ஓசையும், அவசரமில்லாமல், மாறி மாறிக் கேட்டன. எட்டிப் பார்த்தான். ஆளில்லை. ஒரு செடியின் அடியில் கோரை ஆடியது. எழும்பியது. வரப்பில் போய் விழுந்தது.

ஏசம்மாள் கடைசியாக வேலைக்கு வந்த அன்றைக்கு, விடியற்காலையில் காய்ப்புழுவுக்கு மருந்து அடித்தவன் அவன்தான். சிவப்பு முக்கோணம் போட்ட, கொடிய விஷ மருந்து. அதோடு இன்னொன்றையும் கலந்து, அளவுக்கு மேல் ஊற்றி அடித்திருந்தான். எட்டு மணிக்கு வேலைக்கு வந்த ஏசம்மாள், வரப்பில் நின்று மூக்கைச் சுளித்தாள்.

"மருந்து வாசம் வருதே அண்ணாச்சி. இன்னைக்கா அடிச்சீங்க?"

"அது பக்கத்துத் தோட்டத்துல. நீ எறங்கு."

மறுநாள் அவனுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகவேண்டியிருந்தது. அதற்குள் களை முடிய வேண்டும். அவ்வளவுதான் காரணம். பதினோரு மணிக்கு அவள் வாயில் நுரை தள்ளியது. ஆஸ்பத்திரியில் கேட்டபோது, மருந்தைத் தானாகக் குடித்துவிட்டாள் என்றான். மயங்கிக் கிடந்தவள் அப்போது கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். அந்தக் கண் பிறகு மூடவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவள் மகள் ஸ்வீட்லின், "எங்கம்மா ஏன் குடிக்கணும்?" என்று ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். அவன் முறை வருமுன் அவன் வண்டியை எடுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை, களையெடுத்த வரிசைகள் மோட்டார் அறைக்குப் பத்தடி தூரத்தில் வந்து நின்றன.

களையே இல்லாவிட்டால் அவள் எதற்கு வரப்போகிறாள்? சனிக்கிழமை காளீஸ்வரி ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டாள். அவன் களைக்கொல்லி வாங்கி வந்தான். கத்தரி கருகினால் கருகட்டும். டேங்கை முதுகில் மாட்டி, மூக்கில் துணிகூடக் கட்டாமல், ஒரு வரிசை விடாமல் அடித்தான். கசந்த வாசம் நாக்கில் ஏறி, தொண்டையில் படிந்து, கண்ணைக் கரித்தது. உச்சி வெயில். நிழல் காலடிக்குள் சுருங்கிவிட்டது. பின்னால் சரக். அவன் திரும்பவில்லை. தட், தட். திரும்பவில்லை. கடைசி வரிசை. டேங்க் காலி.

சத்தம் நின்றது.

மோட்டார் அறைக்குள் போய் டேங்கை இறக்கினான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். நான்கு நாளில் முதல் முறையாக நெஞ்சு அடங்கியது.

வெளியே யாரோ பேசுகிற குரல். காளீஸ்வரியின் குரல்.

ஓடிவந்தான். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே தோட்டத்துக்கு வந்திருக்கிறாள். தூக்குவாளி வரப்பில் இருந்தது. அவள் சேலையை வரிந்து கட்டி, நடு வரிசையில் குத்தவைத்து, வெறுங்கையால் கோரையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். இலைகளில் இன்னும் மருந்து சொட்டியது. முழங்கை வரை நனைந்திருந்தது.

"காளீஸ்வரி, எந்திரி. வெளிய வா. இப்பத்தான் மருந்து அடிச்சேன்."

அவள் நிமிரவில்லை. பக்கத்து வரிசைப் பக்கம் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டாள்.

"அடிக்கலையாம். ஏசம்மா அக்கா சொல்லுதாவ."

"ஏசம்மா செத்துட்டா. கையை எடு."

"அடிச்சிருந்தா எறங்கச் சொல்லுவாரான்னு கேக்காவ." அவள் மெல்லச் சிரித்தாள். "செத்த நேரம் பொறுங்க. இதை முடிச்சிட்டு வாரேன்."

அவள் பக்கத்து வரிசையில், அவள் கை போகிற அதே வேகத்தில், கோரை ஒவ்வொன்றாக எழும்பி வரப்பில் விழுந்தது.

பாய்ந்து அவள் தோளைப் பிடித்தான். இழுத்தான். அசையவில்லை. நட்டுவைத்த கல் மாதிரி இருந்தாள். இன்னும் இழுத்தான். அவன் கைமேல் ஒரு கை படிந்தது. ஈரமாக. நகக்கண்ணில் மண்ணோடு. அது அவன் விரல்களை, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், காளீஸ்வரியின் தோளிலிருந்து எடுத்துவிட்டது.

காளீஸ்வரி நனைந்த புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, அடுத்த கோரையைப் பிடித்தாள்.