வலது பக்கப் பொத்தான்

"அது என்னோடதுங்க."

சசிரேகா நிமிர்ந்து பார்த்தாள். பார்த்திருக்கவே கூடாது. மழையில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, அதற்குக் கீழே இரண்டு கண்கள்... சண்டைக்கு வந்தவனுக்கு இத்தனை சாந்தமான கண்கள் எதற்காம்?

மலையூரான ரிங்லெட்டில், மஜீதா அக்காவின் சாப்பாட்டுக் கடை. வெளியே எதிர்ச் சாரிக் கடைகள்கூடத் தெரியாத மழை. தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் சசிரேகா, தோட்டத்து வேனுக்காகக் காத்திருந்தாள். மேசையில் சார்ஜில் கிடந்ததைத் தன் கையடக்க கேம் மெஷின் என்று நினைத்துத்தான் எடுத்தாள். பார்த்தால், அவளுடையது பைக்குள்ளேயே இருக்கிறது. அதே சாம்பல் நிறம், அதே அளவு.

தப்பு அவளுடையதுதான். ஆனால் சசிரேகா அதை ஒத்துக்கொள்கிற ரகம் இல்லையே.

"ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா நான் என்னங்க செய்யுறது?"

"அப்ப பேரு எழுதி ஒட்டிக்கிறேன்லா. தினேஸ்வரன். கோலா தெர்லாவுல இருந்து காய்கறி ஏத்திட்டுப் போறேன். வெளியில நிக்குதே, அந்த லோரிதான்."

பேரை யார் கேட்டது? ஆனாலும் மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"அது என்ன கேம்? படமெல்லாம் கட்டம் கட்டமா இருக்கு..."

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "ஜப்பான்ல எண்பதுகள்ல வீட்டுக் கம்ப்யூட்டருக்குன்னு செஞ்சது. அப்ப டிஸ்க் போட்டு ஆடுவாங்க, இப்ப இதுலயே ஏத்திக்கலாம். பதினாறு கலர்தான். ஆனா அந்தப் பனிய பாருங்க... பாட்ட கேளுங்க. அவசரமே படுத்தாது. ரோட்டுல மண்ணு சரிஞ்சு லோரி நின்னா, எனக்கு இதுதான் துணை."

"எழுத்தெல்லாம் ஜப்பான் பாஷையில இருக்கே... புரியுமா?"

"பாதி தெரியும். பாதி நானா நெனச்சுக்குவேன். ஆடிப் பாருங்க, லோரிக் கன்வாஸ் அவுந்திருச்சு, கட்டிட்டு வந்துர்றேன்."

சின்ன விளக்கோடு ஒரு பையன் பனி மலையில் நடந்தான், தூரத்துக் கணவாயில் ஒரு பெண் நின்றிருந்தாள். அவ்வளவு அழகு... ஏதோ ஒரு பொத்தானை அமுக்கியதும் ஒரு கட்டம் வந்து என்னவோ கேட்டது. ஜப்பான் எழுத்து. வெளியே வந்துவிடலாம் என்று வலது பக்கப் பொத்தானை அமுக்கினாள். அவள் ஆடுகிற கேம்களில் அதுதான் 'வேண்டாம்'. மறுபடியும் ஒரு கட்டம். மறுபடியும் வலது பக்கம்.

பையன் போய்விட்டான். மலையும் போய்விட்டது. கேமின் பெயர் மட்டும், புதிதாகத் தொடங்கும்போது வருவது போல...

சொட்டச் சொட்ட வந்து நின்ற தினேஸ்வரன் திரையைப் பார்த்தான். "இதுவரைக்கும் ஆடி வச்சதெல்லாம் அழிஞ்சிருச்சா?"

'தெரியாம அமுக்கிட்டேன்' என்று சொன்னால் என்ன, நாக்கு தேய்ந்தா போகும்? சொல்லவில்லை. "எனக்கென்ன தெரியும்? அதுவா அப்படி ஆச்சு. பழைய சாமான குடுத்துட்டு என்னைக் கேக்குறீங்க."

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "பரவால்லைங்க," என்று மெதுவாகச் சொல்லி மெஷினை வாங்கிக்கொண்டான். "மழைக்கு நின்ன நேரமெல்லாம் அதுலதான் இருந்துச்சு."

லோரி போய்விட்டது. சசிரேகாவுக்கு, நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ இறங்கவில்லை.

அந்த வாரமே அதே கேமைத் தேடித் தன் மெஷினில் ஏற்றினாள். அவன் விட்ட இடம் வரை ஆடிக் கொடுத்துவிட வேண்டும் என்று வைராக்கியம். ஆபீஸ் முடிந்ததும் லயத்து வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். "பொட்டிய பாத்துக்கிட்டே இருந்தா கண்ணு போயிரும்டி," என்று அம்மா அம்சவல்லி அடுப்படியிலிருந்து கத்துவாள். கேமில் தப்பாக அமுக்கி அமுக்கித்தான் ஒன்று புரிந்தது... இந்த ஜப்பான் கேமில் வலது பக்கப் பொத்தான்தான் 'சரி'. அழிக்கவா என்று அது கேட்டிருக்கிறது. இவள் இரண்டு தடவை சரி என்றிருக்கிறாள்.

ஐயோ, என்ன காரியம் செய்து வைத்தோம் என்று முகத்தை மூடிக்கொண்டாள்.

நடுவில் ஒருநாள் டவுனில் அந்த லோரி எதிரே வந்தது. சட்டென்று குடையைத் தாழ்த்திக்கொண்டாள். வெட்கமா, வீம்பா... அவளுக்கே தெரியவில்லை. லோரி கொஞ்சம் தயங்கியது போலத்தான் இருந்தது. பிறகு தாப்பா ரோட்டில் இறங்கிவிட்டது. இப்படியே குடைக்குள் ஒளிந்துகொண்டிருந்தால் அவனை இழந்துவிடுவோம் என்ற பயம் அன்றைக்குத்தான் வந்தது.

மஜீதா அக்கா வேறு சொன்னாள். "ஒவ்வொரு தடவையும் கேக்குறான்மா, கிராணியம்மா வந்தாங்களான்னு. உன் பேரையும் என்கிட்டதான் கேட்டுக்கிட்டான். இன்னும் எத்தனை நாளைக்குக் கேப்பான்?"

அடுத்த முறை மழையில் லோரி வந்து நின்றபோது அதே மேசையில் சசிரேகா இருந்தாள். அவன் உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள்.

"நான்தான் அழிச்சேன். தெரியாமத்தான். ஆனா பொய் சொன்னது தெரிஞ்சே சொன்னேன். மன்னிச்சிருங்க." மெஷினை அவன் பக்கம் நகர்த்தினாள். "நீங்க நின்ன இடம் இதானான்னு பாருங்க."

பனிக் கணவாய். விளக்குப் பையனுக்கு எதிரே ஒரு பெண். கீழே ஒரு கேள்வி, இரண்டு பதில்கள்.

தினேஸ்வரன் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். "இம்புட்டு தூரம்... எனக்காகவா ஆடுனீங்க?"

"பின்ன யாருக்கு?"

"கேம் போனதுக்கு நான் வருத்தப்படலைங்க. என்னைப் பாத்ததும் குடைய எறக்குனீங்களே... அதுதான்."

சசிரேகாவின் கண்கள் நிறைந்துவிட்டன. பேச்சை மாற்றத் திரையைக் காட்டினாள். "இந்தப் பொண்ணு என்ன கேக்குது?"

"உன்கூட வரட்டுமான்னு. மேல இருக்குறது ஆமா, கீழ இருக்குறது இல்ல. நான் பதில் சொல்லாமலே வச்சிருந்தேன். சொன்னா கதை முடிஞ்சிரும்... அப்புறம் மழையில யாரோட காத்திருக்குறது?"

"இப்பவும் அப்படித்தானா?"

அவன் மெஷினை அவள் கையிலேயே திருப்பி வைத்தான். அந்தச் சாந்தமான கண்கள் இப்போது கொஞ்சம் பயந்திருந்தன. "இப்ப அந்தப் பொண்ணு கேக்கல, நான் கேக்குறேன். உங்கள எனக்குப் பிடிச்சிருக்கு. உங்க வீட்டுல வந்து பேசட்டுமா, சசி?"

மழைச் சத்தத்தில் அவள் மூச்சுச் சத்தம் அவளுக்கே கேட்டது. மேலே இருந்த 'ஆமா'வில் குறியை நிறுத்தினாள். வலது பக்கப் பொத்தானை அமுக்கினாள்.

"ஐயையோ, பாத்துங்க," என்று அவன் சிரித்தான். "தெரியாம அமுக்கிட்டீங்களா?"

"இல்லைங்க," என்றாள் சசிரேகா, தலை குனிந்தபடி. "இந்தத் தடவ தெரிஞ்சுதான் அமுக்குனேன்."