ஓய்வு என்னும் கட்டம்

மார்கழி பிறந்திருந்தது. கோத்தகிரியின் சரிவுகளில் பனி அவசரமின்றி, கருவறைக்குள் நுழைபவரின் அடக்கத்தோடு இறங்கிற்று. தேயிலைப் புதர்களின்மேல் வெண்மை படிந்தது. சிலந்தி வலைகள் முத்துச் சரங்களாகக் கனத்துத் தாழ்ந்தன. ஓடை தன் குரலைக் குறைத்துக்கொண்டது. ஞாயிறு எழுந்தும் எழாததுபோல் கிழக்கில் தயங்கி நின்றான். வடக்கிலிருந்து வாடை வந்து வீடுதோறும் நுழைந்தது. எவருடைய பற்களும் கிடுகிடுக்கவில்லை. எவரும் உள்ளங்கைகளை உரசிக்கொள்ளவில்லை. பனிக்காலம் தன்னை உணர்வார் ஒருவருமின்றி ஊர் நடுவே தனியே நின்றது.

எல்லார் மேனியிலும் மெய்யணை இருந்தது.

கழுத்து முதல் மணிக்கட்டு வரை தோலை ஒட்டிக் கிடக்கும் முழுக்கை உள்சட்டை அது. மலையேறுவோர்க்கென நெய்யப்பட்டு ஆவணியில் கடைக்கு வந்தது. மார்கழிக்குள் பால் கொண்டுவருபவர் முதல் நீதிபதி வரை எல்லார்க்கும் இரண்டாம் தோலாயிற்று. அதன் வெப்பிழைகள் உடலின் வெம்மையை உண்டே இயங்கின. வேண்டும்போது அவ்வெம்மையை உள்ளே தேக்கின, வேண்டாதபோது வெளியே தள்ளின. பிடரியில் தைத்த உணர்மணி மூச்சையும் நாடியையும் ஓயாமல் படித்தது. அணிந்தவர் மனம் கலங்கினால் அவரை ஓய்வு நிலைக்குக் கொண்டுசெல்வதும் அதன் கடமை. அலுவலகங்களில் சினம் குறைந்துவிட்டதாக மக்கள் மகிழ்ந்து பேசிக்கொண்டனர்.

புதிதாக நெய்யப்பட்ட மெய்யணை ஒன்றும் அறியாது. எந்த நிலையில் எவ்வளவு வெம்மை தேவை என்பதை ஓர் உடல் அதற்குக் கற்பிக்கவேண்டும். நூறு உடல்களிடம் கற்ற பழைய நெசவுகள் குழம்பின. ஒரே உடலை முற்றக் கற்ற நெசவோ மற்ற உடல்களை எல்லாம் சரியாக ஊகித்தது. அந்த ஓர் உடல் உமையாளுடையது. கோத்தகிரி ஆய்வகத்தில் புது நெசவுகளைத் தன் மேனியில் அணிந்து சோதிக்கும் மெய்த்தேர்வர் அவள்.

சென்ற மார்கழி தொடங்கி நாற்பத்தெட்டு நாள் அவள் மெய்யணையைக் கழற்றாமல் அணிந்தாள். குளிரறையில் நடந்தாள், தொட்டபெட்டாவில் ஏறினாள், மழையில் உறங்கினாள். ஒவ்வொரு மணிக்கும் தேர்வேட்டில் ஒரு கட்டத்தில் குறியிடவேண்டும். நடை, ஏற்றம், உழைப்பு, உறக்கம், ஓய்வு என ஐந்தே கட்டங்கள். அதே நாற்பத்தெட்டு நாளும் அவளுக்கு ஒரு நோன்பும் இருந்தது. விடியலில் தொட்டியின் பனிநீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரம் சொட்ட நின்று, தன் ஊர்ப் பெருமானின் பதிகத்தைப் பாடுவாள். பாட்டு பதினொன்று, ஒவ்வொன்றும் ஒரே நீண்ட மூச்சு. முடிந்தபின் விளக்கேற்றி வெந்நீர் அருந்துவாள். சட்டையைக் கழற்றலாகாது என்பது விதி. ஆகவே அதன்மேலேயே நீரை ஊற்றினாள். வழிபாட்டுக்கெனத் தேர்வேட்டில் கட்டம் இல்லை. பொய் எழுத அஞ்சும் அவள் சற்றே எண்ணிப் பார்த்து, தன் உள்ளம் உண்மையிலேயே இளைப்பாறும் நேரம் அதுவே என்று தெளிந்து, “ஓய்வு” என்னும் கட்டத்தில் குறியிட்டாள்.

இன்று அவள் தம்பி சொக்கன் இமயத்தின் ஒரு பனிமேட்டில் இருந்தான். மெய்யணையை அணிந்து குளிர்காலத்தில் அவ்வளவு உயரம் ஏறும் முதல் இருவர் அவனும் அவன் வழிகாட்டியுமே. வேண்டாமென்று தாய் தடுத்தபோது, “என் சட்டை அவனைப் பார்த்துக்கொள்ளும்” என்று சொல்லி அனுப்பியவள் உமையாள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு ஆய்வகத்தின் தொலைக்குரல் பெட்டி உயிர்பெற்றது.

“அக்கா, கேக்குதா? உன் சட்டை ஜெயில் வார்டன் மாதிரி இறுக்கிப் பிடிச்சிருக்கு.”

“அது கிடக்கட்டும். சாப்பிட்டியா, அதைச் சொல்லு.”

“தொர்ஜே டீ போட்டுக் குடுத்தாரு. உப்பும் வெண்ணெயும் போட்டு! இதையும் டீன்னு சொன்னா நம்ம கோத்தகிரிக்காரன் கேஸ் போடுவான்.”

பின்னாலிருந்து வழிகாட்டி தொர்ஜேயின் சிரிப்பு கேட்டது. லடாக்கைச் சேர்ந்த அவருக்குத் தமிழ் தெரியாவிட்டாலும் தேநீரைப் பழிப்பது புரிந்தது. மெய்யணை நெசவுக் குழுவின் தலைவி ஜெயசீலி நோக்குத்திரையிலிருந்து தலையை உயர்த்தினார்.

“ஓசியில சட்டை குடுத்தா இப்படித்தான் பேச்சு வரும் தம்பி. குறை ஏதாவது இருக்கா, அதைச் சொல்லுங்க.”

“குறைன்னு இல்ல மேடம். காலையில ஒரு பிளவுகிட்ட கால் சறுக்கிடுச்சு. பயந்துட்டேன். அந்த நிமிஷமே முதுகெல்லாம் ஜில்லுன்னு ஆச்சு.”

“பயந்தா எல்லாருக்கும் அப்படித்தான்.”

“அதுவும் சரிதான். அக்கா, நீ விரதம் இருந்து இருந்து, சட்டையும் சாமியாராப் போச்சு போல.”

மூவரும் சிரித்தனர்.

மூன்று மணிக்குப் பனிப்புயல் மூண்டு, அவர்கள் தலைக்கு மேலிருந்து ஒரு பனிச்சுவர் சரிந்தது. இருவரும் ஒரு பாறைக் குடைவுக்குள் ஒதுங்க, வாயிலைப் பனி அடைத்தது. மீட்பு வானூர்தி புயல் ஓய்ந்த பின்னரே புறப்பட இயலும். அது மறுநாள் காலை. ஜெயசீலி கலங்கவில்லை. “மெய்யணை இருக்கு. மூணு நாள் தாங்கும்” என்றார்.

நோக்குத்திரையில் சொக்கனின் உடல்வெம்மை முப்பத்தாறு எனக் காட்டிற்று. பிறகு முப்பத்தைந்து. இழைகள் வெம்மையை உள்ளே தேக்கவில்லை; வெளியே தள்ளிக்கொண்டிருந்தன. கீழே ஒரு வரி ஒளிர்ந்தது: “அணிந்தவர் கலக்கத்தில் உள்ளார். ஓய்வை நோக்கி.”

“ஏன் வெளிய தள்ளுது? பைத்தியமா இதுக்கு?” என்று ஜெயசீலி எழுந்தே விட்டார்.

உமையாள் திரையில் இறங்கிய வளைகோட்டைப் பார்த்தாள். அவ்வளைவை அவள் அறிவாள். நாற்பத்தெட்டு விடியலிலும் அவள் மேனியில் வரையப்பட்ட கோடு அது. முதற்குடம் நீர், இரண்டாம் குடம், மூன்றாம் குடம். மனித உடல் இளைப்பாறுவது பனிநீரில் என்று அவளே கற்பித்திருந்தாள்.

“மேடம், அது அவனைக் குளிப்பாட்டுது” என்றாள்.

அவள் தன் விடியல் நோன்பைச் சொல்லி முடித்தபோது, ஜெயசீலி திரையை நோக்கிக் கை நீட்டிப் பாதியிலேயே இழுத்துக்கொண்டார். இங்கிருந்து ஆணையிட வழியில்லை. உடலைத் தொடும் ஆடைக்கு அயலார் எவரும் கட்டளை இடலாகாது என்பது சட்டம். மக்கள் போராடிப் பெற்ற சட்டம். அதற்கேற்பவே உணர்மணி அளவுகளை அனுப்ப மட்டும் அறிந்து, ஆணை கேட்கும் செவியின்றிப் படைக்கப்பட்டிருந்தது.

“கழட்டச் சொல்லுங்க!”

“கழட்ட வராதே மேடம். பூட்டுத்தையல்.”

உறைந்து சாகும் தறுவாயில் மனிதருக்கு உடல் எரிவதுபோல் தோன்றும். ஆடைகளைக் களைந்து எறிவர். அதைத் தடுக்கவே உறைகுளிரில் தையல் தானாகப் பூட்டிக்கொள்ளுமாறு செய்திருந்தனர். இழையோ கத்திக்கும் கிழியாதது. அவர்கள் அஞ்சிய ஒவ்வொன்றையும் முன்கூட்டியே தடுத்திருந்தனர்.

தொர்ஜேயின் கோடு மட்டும் முப்பத்தேழில் அசையாது நின்றது. பெட்டியினூடே அவர் முணுமுணுப்பு கேட்டது: தம் வழிபாட்டு மொழியில், தாழ்ந்து, நீண்டு, மூச்சுக்கு ஒரு வரியாக ஓதிக்கொண்டிருந்தார். உமையாளுக்கு விளங்கிற்று. பதினொரு நீள்மூச்சு முடிந்தால் வெம்மை திரும்பும் என்பதையும் சட்டை அவளிடமே கற்றிருந்தது.

“சொக்கா, பதிகம் பாடு. பதினொண்ணும். ஒரு பாட்டுக்கு ஒரு மூச்சு. நடுவுல விடாதே.”

“அக்கா, இங்க ஆள் செத்துக்கிட்டிருக்கேன், இப்போ போயி…”

“பக்திக்குச் சொல்லல. அந்தச் சட்டைக்கு அதுதான் சாவி. பாடுடா!”

பத்து வயதில் பாடம் செய்து, பதினைந்தில் கைவிட்ட பாட்டு. சொக்கன் தொடங்கினான். முதற்பாட்டு முடிந்தது. இரண்டாவது. மூன்றாம் பாட்டின் நடுவில் இருமல் குறுக்கிட, மூச்சு முறிந்தது. சட்டை எண்ணிக்கையை மறந்து மீண்டும் ஒன்றிலிருந்து எண்ணக் காத்திருந்தது. அவன் மீண்டும் தொடங்கினான். நான்கு வரை வந்தான். மறுபடி தொடங்கினான். உமையாள் உடன் பாடினாள். அவள் மூச்சு அங்குக் கணக்கில் சேரவில்லை. தொர்ஜே அவனை மார்போடு அணைத்துக்கொண்டார். அவர் வெம்மையில் ஒரு துளியையும் அவர் சட்டை வெளியே விடவில்லை. பற்களுக்கிடையே சொற்கள் நொறுங்க, ஒருமுறை அவன் ஏழாம் பாட்டை எட்டினான். ஜெயசீலி மேசையைப் பற்றிக்கொண்டு, “எட்டு, எட்டு” என்றார். எட்டு வரவில்லை.

திரையில் முப்பத்தொன்று.

“அக்கா” என்றான். குரல் நைந்திருந்தது. “வரல. மூச்சு நிக்க மாட்டேங்குது.”

“இன்னொரு தடவை. என் கண்ணுல்ல.”

“வேணாம். நீ பாடு. சட்டைக்கு இல்ல. எனக்குக் கேக்கணும்.”

உமையாள் ஜெயசீலியைப் பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். உமையாள் பெட்டியருகே குனிந்து பாடினாள். பதினொரு பாட்டையும், மூச்சு முறியாமல், விடியலில் தொட்டியருகே நிற்பவளாகப் பாடினாள். அவன் நடுக்கம் அடங்கிற்று, நாடி சீரானது, அச்சம் அவனை விட்டு நீங்கிற்று. கடைசிப் பாட்டு முடிகையில் திரையில் பச்சை எழுத்துகள் ஒளிர்ந்தன: “ஓய்வு நிலை எய்தப்பட்டது.”

அதன்பின் வேறெந்த வரியும் வரவில்லை.

மறுநாள் தொர்ஜேயை மட்டுமே உயிருடன் மீட்டனர். அவர் சொன்னவை செய்திகளில் வந்தன. மெய்யணையைத் திரும்பப் பெறுவார்கள் என உமையாள் எதிர்பார்த்தாள். ஒருவரும் தம் சட்டையைத் தரவில்லை; வெறும் தோலுடன் குளிரைச் சந்திக்க எவரும் ஒருப்படவில்லை. மாறாகக் கையேட்டில் ஒரு பக்கம் சேர்ந்தது: “ஆபத்தில் கீழ்க்காணும் பதினொரு பாட்டையும் மூச்சு முறியாமல் பாடுக.” பத்தே நாளில் அது எங்கும் பரவியது. அச்சம் வருவதற்கு முன்பே பாடினால் வெம்மை முந்திக் கிடைக்கும் என்று கண்டு, பேருந்து நிறுத்தங்களில் பாடினார்கள், கடைத்தெருவில் பாடினார்கள். பெருமானின் பெயர் வரும் இடத்தில் எவரும் கைகுவிக்கவில்லை. சட்டை சூடாயிற்றா என்று மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். உமையாளின் தாய் மட்டும் சன்னல்களை மூடிக்கொண்டாள்.

“பாட்டைக் கேட்டா அவன் மூச்சு வாங்குறது கேக்குதுடி” என்றாள்.

உமையாள் அலுவலகம் சென்று, தேர்வேட்டில் ஆறாவதாக ஒரு கட்டம் வேண்டுமென எழுதிக் கொடுத்தாள். பெயர் என்னவென்று ஜெயசீலி கேட்டார். நெடுநேரம் எண்ணியும் அவளுக்குச் சொல் கிடைக்கவில்லை. ஜெயசீலி கட்டத்தை வெறுமையாகவே வரைந்தார்.

மார்கழியின் கடைசி விடியலில் அவள் தன் மெய்யணையைக் கழற்றி மடித்து வைத்தாள். நூற்சேலை உடுத்தித் தொட்டியருகே நின்று, ஒரு குடம் நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். குளிர் எலும்புவரை இறங்கிற்று. பற்கள் கிடுகிடுத்தன, தோள்கள் குலுங்கின. அந்த நடுக்கத்தை அவள் அடக்கவில்லை. பதிகம் நாவின் நுனிவரை வந்தது, அதையும் பாடவில்லை. நடுங்கும் விரல்களால் மூன்றாம் முயற்சியில் விளக்கை ஏற்றி, ஈரக் கைகளைக் குவித்து, வாய் திறவாமல் நின்றாள்.

கீழே தெருவில் யாரோ வெம்மைக்காகப் பாடிக்கொண்டு போனார்கள். அவர்கள் குரல் தேய்ந்து மறையும்வரை காத்திருந்து, சொல்லின்றி அவர்களையும் வாழ்த்தினாள்.

பனியில் நிற்போர் வெம்மை பெறுக. மூச்சு முறிந்தோர் எண்ணப்படாத இடத்தில் இளைப்பாறுக. பாடுவோரும், பாட மாட்டாதோரும், கேட்க மட்டும் விரும்பியோரும் நலமே வாழ்க.