வெர்லீன் சுமந்த பழி

"இது என்ன, ஹார்லன்?"

வெர்லீன் ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தாள். சமையலறையில் காபி ஆறிக்கொண்டிருந்தது. சர்ச்சுக்குக் கிளம்ப இன்னும் அரை மணி நேரம்தான்.

ஹார்லன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, வீங்கிய காலை ஷூவுக்குள் திணித்துக்கொண்டிருந்தான். ஆறடி ஐந்தங்குல உடம்பு. அவன் பாரத்தில் கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பதினோரு வருடம் பெரிய அணியில் முன்வரிசையில் நின்று அமெரிக்க ஃபுட்பால் ஆடியவன். பந்தைத் தொடவே வாய்ப்பில்லாத வேலை அது. பந்தை எறிகிறவன் மேல் அடி விழாமல், பாய்ந்து வரும் முரட்டு ஆட்களை நெஞ்சாலும் தலையாலும் முட்டி நிறுத்த வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவனுக்குப் பாராட்டு விழா. அதையொட்டித்தான் இந்தப் பேட்டி.

வெர்லீன் உரக்க வாசித்தாள். "'என் மனைவி அழுதாள். அவளுக்காகத்தான் விளையாட்டை விட்டேன். இல்லாவிட்டால் எனக்கும் சாம்பியன் மோதிரம் கிடைத்திருக்கும்.' இத நீயா சொன்ன?"

"கேட்டாங்க, சொன்னேன். எப்பவும் சொல்றதுதானே?"

"வீட்டுக்குள்ள சொன்ன, பொறுத்துக்கிட்டேன். இப்ப ஊருக்கே சொல்லணுமா?"

"ஏன், நீ அழலையா?"

இரண்டு வருடமாகவே அவனுக்கு மறதி அதிகம். ஒருவேளை உண்மையாகவே மறந்துவிட்டானோ? மறந்திருந்தால் மன்னித்துவிடலாம்... அவன் எதிரில் போய் நின்றாள்.

"என் மூஞ்சியப் பாரு. அன்னைக்கு காருக்குள்ள என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா, இல்லையா?"

அவன் பார்க்கவில்லை. கழுத்து வரை சிவந்து, ஷூ கயிற்றையே இழுத்துக்கொண்டிருந்தான்.

மறக்கவில்லை!

ஒன்பது வருடத்துக்கு முன்பு, ஒரு டிசம்பர் மாலை. ஆட்டம் முடிந்து காரில் ஏறியவன் சாவியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு மெல்லிய குரலில் கேட்டான்: "வெர்லீன், நம்ம வீடு எந்தப் பக்கம்?" ஐந்து வருடம் குடியிருந்த வீடு! அந்த மலைபோன்ற மனிதன் ஸ்டீயரிங்கில் முகம் புதைத்து விம்மினான். "தலைக்குள்ள என்னமோ ஆகுது... பயமா இருக்கு. ஆனா பயந்து ஓடி வந்தேன்னு அம்மாகிட்ட சொல்ல முடியாது. நீதான் விடச் சொன்னேன்னு சொல்லிடு. ஒரு வருஷம் போகட்டும், நானே உண்மையச் சொல்லிடறேன்."

அவள் சொன்னாள். மறுவருடமே அவன் இல்லாத அணி சாம்பியன் ஆகி, ஆடியவர்கள் எல்லோருக்கும் மோதிரம் கிடைத்தது. அன்றிலிருந்து மாமியார் ஓடீல் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அந்தப் பொண்ணு" என்பதோடு சரி. மைத்துனன் ராஸ்கோவுக்கு அவள் "ராசி கெட்டவ". ஹார்லன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான்.

அன்று மதியமும் சர்ச் முடிந்து மாமியார் வீட்டில் சாப்பாடு. இறால் போட்ட கம்போ குழம்பைச் சோற்றின் மேல் ஊற்றியபடியே ராஸ்கோ ஆரம்பித்தான்.

"பேப்பர் பாத்தீங்களா அண்ணி? ஃபோட்டோல உங்களையும் போட்டிருக்கலாம். சாம்பியன் மோதிரத்த முழுங்குன மகாராணின்னு!"

"வெள்ளிக்கிழமை மேடையில அவன் பக்கத்துல போய் உக்காரப் போறியா?" என்றாள் ஓடீல். "என் பிள்ளையோட வாழ்க்கைய முடிச்சவ நீ. கூச்சமா இருக்காது?"

வெர்லீன் கணவனைப் பார்த்தாள். அவன் கரண்டியால் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான்.

கரண்டியை மெல்லக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"கூச்சமாத்தான் இருக்கு அத்தை. அதான் போறேன். லஃபாயெட்ல அக்கா வீட்டுக்கு." கணவன் பக்கம் திரும்பினாள். "ஹார்லன், உனக்குக் குடுத்த வாக்க நான் இப்பவும் மீறல. ஆனா உன்னோட பொய்யோட குடும்பம் நடத்த இனிமே எனக்குத் தெம்பில்ல..."

"என்ன பொய்?" என்றாள் ஓடீல்.

வெர்லீன் வாசலைத் தாண்டும்போது நாற்காலி தடாலென்று விழுந்தது. ஹார்லன் எழுந்து நின்றிருந்தான்.

"அவ அழலம்மா... அழுதது நான்! வீட்டுக்கு வழி தெரியாம காருக்குள்ள உக்காந்து அழுதேன். பயந்தது நான். அவ பேரச் சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன். பதினோரு வருஷம் யார் யாருக்கோ முன்னாடி நின்னு அடி வாங்குனேன்... வீட்ல மட்டும் இவள முன்னாடி நிறுத்திட்டு நான் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டேன்மா!"

ராஸ்கோவின் கை வாய்க்குப் போகாமல் நின்றது. ஓடீல் மகனையே பார்த்தாள். அவள் முகம் சாம்பல் நிறமாயிற்று.

"ஒன்பது வருஷமாவா?"

"...ஆமா."

ஹார்லன் தள்ளாடியபடி, வெர்லீன் ஏறி உட்கார்ந்திருந்த கார் வரை ஓடி வந்தான். "வெர்லீன்... சொல்லிட்டேன்ல! போகாத!"

"சொல்லிட்ட. நான் கிளம்புனதுக்கப்புறம் சொன்ன." கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. "இவ்வளவு நாளும் தினம் உன் பக்கத்துலதானே இருந்தேன், ஹார்லன்?"

அவள் சாவியைத் திருப்பினாள்.

காரின் மறுபக்கக் கதவு திறந்தது. சர்ச்சுக்குப் போட்ட தொப்பி கலையாமல், கைப்பையை அணைத்துக்கொண்டு ஓடீல் ஏறி உட்கார்ந்தாள்.

"அம்மா! நீங்க எங்க போறீங்க?" என்று படியில் நின்று கத்தினான் ராஸ்கோ.

"உங்க அண்ணனுக்கு வேளாவேளைக்கு மாத்திரை குடு. பாத்திரத்தையும் கழுவி வை. ராசி கெட்டவளாம்ல? வாயப் பாரு!"

பெல்ட்டை மாட்டத் தெரியாமல் அந்த முதிய விரல்கள் தடுமாறின. வெர்லீன் குனிந்து மாட்டிவிட்டாள். அந்தக் கையை ஓடீல் இறுகப் பற்றிக்கொண்டாள். உதடு துடித்தது, மன்னிப்பு என்ற சொல் வெளியே வரவில்லை.

"வண்டிய எடு, வெர்லீன்," என்றாள்.