மேசையருகே ஆறு கட்டில்கள்

அவன் ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். குப்பையை வெளியே வைத்தான். கதவைப் பூட்டி, ஒருமுறை இழுத்துப் பார்த்தான்.

ஒன்பது மணிக்குப் புள்ளியியல் பேராசிரியையின் முன் உட்கார்ந்து ஒரு ஃபைலை நீட்டினான். மருத்துவமனை கொடுத்த பட்டியல். அவன் மனைவிக்கு வந்த அதே காய்ச்சலில் கிடந்த இருநூறு பேர். பெயர் இல்லை; கட்டில் எண், ஊசி போட்டார்களா, பிழைத்தாரா என்பது மட்டும்.

"புது ஊசி போட்ட நூறு பேர்ல முப்பத்திமூணு பேர் செத்திருக்காங்க. போடாத நூறு பேர்ல இருபது. அவளுக்குப் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான். நான்தான் கொன்னேனா?"

"ஊசிதான் கொலைகாரன், மேடம்!" என்றாள் உதவியாளர். கணக்கில் வேகம், அதனால் மின்னல் என்று பெயர்.

"பொறும்மா மின்னல், இடி எங்க விழுதுன்னு பார்ப்போம்." பேராசிரியை பட்டியலில் விரலை ஓட்டினார். "ஊசி போட்டவங்க கட்டில் எண்ணைப் படி."

"மூணு, ஒண்ணு, ஆறு, ரெண்டு... முக்கால்வாசி ஆறுக்குள்ளேயே சுத்துது."

அவனிடம் திரும்பினார். "உங்க மனைவி?"

"மொதல்ல பதினெட்டு. மூச்சுத் திணறவும் மூணுக்கு மாத்தினாங்க. நர்ஸ் மேசைக்குப் பக்கத்துல. அப்புறம்தான் ஊசி."

"ஆக, ரொம்ப முடியாதவங்களை மேசைக்குப் பக்கத்துல இழுத்துக்கிறாங்க, ஊசியும் அவங்களுக்குத்தான் போகுது. அந்த ஆறு கட்டில்ல மாறி மாறிப் படுத்தவங்க மொத்தம் நூறு பேர். ஊசி போட்ட எண்பதுல முப்பத்திரண்டு சாவு, போடாத இருபதுல பன்னிரண்டு. தூரக் கட்டில்ல ஊசி போட்ட இருபதுல ஒண்ணு, போடாத எண்பதுல எட்டு."

"ரெண்டு பக்கமும் ஊசிதான் ஜெயிக்குது!"

"இப்ப ஊசி போட்டவங்களும் போடாதவங்களும் தனித்தனியா அந்தப் பக்கத்து நூறு பேருக்கும் ஈடாகிற மாதிரி எடை போடு. மேசைக்குப் பக்கத்துல அஞ்சுல ஒருத்தருக்குத்தான் ஊசி கிடைக்கல. அதனால அவர் அஞ்சு பேருக்குச் சமம். ஊசி கிடைச்சவர் ஒண்ணேகால். தூரத்துல தலைகீழ்."

மின்னல் கிறுக்கி முடித்தாள். "இருநூறு பேருக்கும் போட்டிருந்தா நாப்பத்தஞ்சு சாவு. யாருக்கும் போடலன்னா எழுபது."

"வேற வித்தியாசம் எதுவும் ஒளிஞ்சிருக்கலன்னா, ஊசி நிரபராதி" என்றார் பேராசிரியை. "ஆனா உங்க மனைவி ஒருத்தங்களுக்கு என்ன ஆகியிருக்கும்னு எந்தக் கணக்கும் சொல்லாது, தம்பி."

அவன் எழவில்லை.

"அவ சம்மதிச்சான்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

"சம்மதிக்கலையா?"

இல்லை என்று தலையசைத்தான். பட்டியலைப் பார்த்தபடி, அவள் சொன்னதை முதன்முறையாக வாய்விட்டுச் சொன்னான்.

"'ஊசி வேணாங்க. வீட்டுக்குப் போலாம்.'"