திரைக்கு வெளியே வந்த கை

பொருநை நதியின் மேற்கு வானில் செக்கர் மங்கிக்கொண்டிருந்தது. கீழ்வானில் பனங்கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எழுந்த முழுமதி ஆற்று நீரில் வெள்ளிப் பாதையொன்றை விரித்து, அதன் மறுமுனையில் வடகரை மன்னனின் பாசறைத் தீக்களைக் கொண்டுபோய் நிறுத்தியது. அழகான காட்சிதான். ஆனால் நெடுமடைக் கோட்டையின் மதில்மேல் நின்ற காவலர் ஒருவருக்கும் அதை இரசிக்க மனமில்லை. மாலைக்கு மாலை அக்கரையில் தீக்கள் பெருகின. கோட்டைக்குள்ளோ நெற்குதிர்கள் காலியாகிக்கொண்டிருந்தன.

வாசகர்களே, இந்தக் கோட்டையை ஆண்டவள் அரசி அமுதநங்கை. கணவர் மறைந்த நாள்முதல் திரைக்குப் பின்னாலிருந்தே அவள் அரசு செலுத்தினாள். அவையோர் அவள் முகத்தைக் கண்டதில்லை, குரலைக் கேட்டதுமில்லை. அவள் சொல்வதைத் திரைக்குள்ளிருந்தே தோழி ஒருத்தி உரக்க எடுத்துச் சொல்வாள். பௌர்ணமிதோறும் திரையின் பிளவு வழியே வலக்கை ஒன்று மட்டும் வெளியே வந்து, அவையோருக்கு வெற்றிலை வழங்கும். முழங்கை முதல் விரல்வரை தோல் தளர்ந்து, கசக்கிப் பிரித்த மெல்லிய பட்டுத்துணியைப் போல நுண்ணிய சுருக்கம் ஓடிய கை. கோட்டையாருக்கு அந்தக் கைதான் அரசி.

அரசிக்கோ அந்தக் கையைக் கண்டாலே ஆகாது. மதம் பிடித்த யானையின் முன் நின்று பழகியவள், நீராடும்போது தன் முழங்கையைக் கண்டு முகம் சுளிப்பாள். நல்லெண்ணெய், பாலேடு, வெட்டிவேர்த் தைலம், மலைநாட்டு வைத்தியன் பேர் சொல்ல மறுத்த பசுங்களிம்பு எல்லாம் பூசிப் பார்த்தாயிற்று. கை மணந்ததே தவிர, ஒரு சுருக்கமும் அசையவில்லை. அந்தப் பாழும் சுருக்கத்தை வேண்டுமென்றே வரவழைக்க ஒருத்தி படாதபாடு படுவாள் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் அரசி சிரித்திருப்பாள்.

அந்த ஒருத்திதான் தோழி கொற்றி. கூத்தர் குடியில் பிறந்தவள். மேடையில் கிழவி வேடம் கட்டுவதில் கைதேர்ந்தவள். வளர்பிறை தொடங்கிய காலத்தில் ஒருநாள் அரசி மீன்காரி வேடம் பூண்டு, மலைநாட்டிலிருக்கும் தமையனிடம் படை கேட்டுவரப் படகேறினாள்.

"நான் திரும்பும்வரை என் கை நீதான், பெண்ணே. நான் இங்கே இல்லை என்று தெரிந்தால் ஊர்ப் பெரியவர்கள் அந்த நொடியே கோட்டைக் கதவைத் திறந்துவிடுவார்கள். பிசின் பூசிச் சுருக்கம் வரவழைக்கும் வித்தை உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும்."

கொற்றி அரசியின் கையிலடித்துச் சத்தியம் செய்து கொடுத்தாள். அந்தச் சத்தியத்தை அவள் ஒரே ஓர் ஆளிடம் மீறினாள். காதல் வந்த இடத்தில் இரகசியம் தங்காது என்பது அவள் அறியாததா? அறிந்தும் சொன்னாள். அந்த ஆள் கோட்டைப் படைத்தலைவன் கோளரி.

தோலை இழுத்துப் பிடித்து, விளாம்பிசினைத் தடவி, காய்ந்தபின் கையைத் தளரவிட்டால், இளந்தோல் நொடியில் சுருண்டு கிழத்தோலாகும். அவன் முன்பாகவே ஒரு மாலை அதைச் செய்து காட்டிச் சிரித்தாள்.

"வலிக்கவில்லையா, கொற்றி?" என்று கேட்டான் அவன்.

"இழுக்கும். வலிக்காது."

"நீர் பட்டால்?"

"கரைந்துபோகும். அதனால்தான் குடிக்கும் குவளையைக்கூட இடக்கையால் எடுக்கிறேன்."

அவன் அந்தப் பொய்க் கிழக்கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டான். "போர் முடியட்டும். உன் தந்தை தாரை வார்த்து இந்தக் கையை எனக்குத் தருவார். அன்று கரையட்டும் உன் பிசின்." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பௌர்ணமி மாலையான இன்று, அவை கூடியிருந்தது. திரைக்குள்ளே கொற்றி தன்னந்தனியாக அமர்ந்திருந்தாள். அரசியின் கையும் அவள், தோழியின் குரலும் அவள். வெளியே, வடகரை மன்னனின் தூதர் அரவணையார் வந்து நின்றார். குழைவான பேச்சும் குளிர்ந்த கண்களும் உடைய மனிதர்.

"அரசியார் மணற்குடி என்னும் சிற்றூரைத் தாரை வார்த்து எம் மன்னருக்குத் தந்தால், நாளையே முற்றுகையை நீக்குவோம்" என்றார் அவர்.

பெரியவர்களிடையே ஒரு பெருமூச்சு எழுந்தது. ஓர் ஊரைக் கொடுத்து உயிரை மீட்பது மலிவாகவே பட்டது.

"தம் வாக்குப் போதாதா என்று அரசியார் கேட்கிறார்கள்" என்றாள் கொற்றி.

"நீரோடு தந்தால்தான் தானம் நிலைக்கும், அம்மணி. கையை நீட்டச் சொல்லுங்கள். முழங்கையிலிருந்து நீர் வழிய வேண்டும். அது எங்கள் நாட்டு வழக்கம்."

முழங்கையிலிருந்தா? விரல் நுனியில் நீர் வார்ப்பதுதான் ஆற்றின் இருகரையிலும் வழக்கம். இவர் தானம் கேட்க வரவில்லை, பிசினைக் கழுவ வந்திருக்கிறார். பிசினைப் பற்றி இவருக்கு யார் சொன்னது?

"நீர்க்கெண்டியை நான் பிடிக்கிறேன்" என்றது ஒரு குரல். கோளரியின் குரல்.

அவள் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கையை நீட்டினால் கோட்டை போயிற்று, நீட்டாவிட்டாலும் போயிற்று. வெளியே பெரியவர்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை அவள் தோளில் படிந்தது. குளிர்ந்த, தளர்ந்த, தைலம் மணக்கும் கை. கொற்றி திரும்பினாள். மீன்காரிச் சேலை இன்னும் மாறாமல் அரசி நின்றிருந்தாள். உதட்டில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, கொற்றியை நகர்த்தி அமர்ந்து, திரையின் பிளவில் தன் வலக்கையை நீட்டினாள்.

கோளரி நீரை வார்த்தான். முழங்கையில் விழுந்த நீர் சுருக்கங்களின் வழியே ஓடி விரல் நுனியில் சொட்டியது. ஒரு சுருக்கமும் அசையவில்லை. கெண்டி காலியாயிற்று. தூதர் குனிந்து பார்த்தார். பிறகு, தம்மையும் மீறி, நிமிர்ந்து கோளரியைப் பார்த்தார். அவையே அந்தப் பார்வையைக் கண்டது.

"பிசின் கரையவில்லையே என்று அவனைப் பார்க்கிறீரா, தூதரே?"

அரசியின் குரலை அந்த அவை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"என் கோட்டையின் இரகசியங்கள் நெடுநாளாக ஆற்றைக் கடக்கின்றன. கடத்துகிறவன் யாரென்று அறியப் படகேறினேன். அன்றிரவே நீர்வாயில் வழியாகத் திரும்பி நிலவறையில் காத்திருந்தேன். நீரே காட்டிக் கொடுத்தீர், நன்றி. தண்ணீர் விழுந்ததே தவிர, 'தந்தேன்' என்ற சொல் என் வாயிலிருந்து விழவில்லை. மணற்குடி எங்களுடையது. போய் உம் மன்னரிடம் சொல்லும்."

காவலர் கோளரியைப் பிடித்தார்கள். அவன் திமிறவில்லை. "இந்தக் கோட்டை விழத்தான் போகிறது, தேவி. கொற்றியை உயிரோடு நான் அழைத்துப்போக அவர்கள் இசைந்தார்கள். நான் கேட்டது அது ஒன்றுதான்" என்றான்.

திரைக்குள்ளே அரசி கொற்றியின் பக்கம் திரும்பினாள். "உன்னிடம் மறைத்தேன். நீ சொல்லக்கூடிய அந்த ஒருவனைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. படையும் வரவில்லை, அம்மா. என் தமையன் என்றோ நம்மைக் கைவிட்டுவிட்டான்." தன் ஈரக் கையைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதை ஒளிக்க எவ்வளவு தைலம் பூசியிருப்பேன்."

கொற்றி எழுந்து, திரையின் பிளவில் தன் கையை நீட்டினாள். பிசின் வெடித்து, அங்கங்கே இளந்தோல் தெரிந்த கை. கோளரி அதை அடையாளம் கண்டுகொண்டு தலைகுனிந்தான்.

"படைத்தலைவரே," என்றாள் அவள், அவை முழுதும் கேட்கும்படி. "சத்தியம் மீறியவள் நானும்தான். தாரை நீருக்குக் காத்திருந்த கை இது. பிசின் இல்லாமல், தானாக இதில் சுருக்கம் விழும்வரை இதை யாருக்கும் கொடுக்கமாட்டேன். அதுவரை இந்தக் கை நெடுமடைக்கு மட்டுமே உரியது."

சாளரத்துக்கு வெளியே, ஆற்றுக்கு அப்பால், வடகரைப் படையினர் புதிய தீக்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.