துண்டுக்கடியில் ஆயிரங்கோட்டை

மதியம் பன்னிரண்டு மணிக்கு ஆயிரங்கோட்டையின் நிறைவு நாற்பத்தொன்று. மாலை ஆறு மணிக்குள் அது அறுபதைத் தொடாவிட்டால் விளையாட்டு வாரியத்து அதிகாரி வந்து உலகத்தை அணைத்துவிட்டுப் போவார்.

பூவாத்தாள் இதற்கு முன் இரண்டு புனையுலகங்களைப் படைத்து இரண்டையும் பறிகொடுத்தவள். மூன்றாவதான ஆயிரங்கோட்டையும் அணைந்தால் இந்த ஜென்மத்தில் இன்னொன்றுக்கு உரிமம் கிடையாது. புதுப்புது உலகங்களைத் திறந்து, ஊரையே உள்ளே இழுத்து, ஒரே மாதத்தில் போட்டது போட்டபடி ஓடிய நிறுவனங்களால் நொந்துபோன ஆட்டக்காரர்களுக்காக வந்த சட்டம் அது. முப்பதாம் நாள் நிறைவு அறுபது இல்லையென்றால் உலகம் இல்லை. இன்று முப்பதாம் நாள்.

அந்த நிமிடம் பதினோராயிரம் பேர் அவரவர் வீட்டில் முகமூடி மாட்டிக்கொண்டு ஆயிரங்கோட்டையில் வாள் வீசிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் நிறைவுக்காப்பு. நாடியையும் வேர்வையையும் நரம்பின் நடுக்கத்தையும் அளந்து, மனசு நூற்றுக்கு எத்தனை நிறைந்திருக்கிறது என்று அது சொல்லிவிடும். ஆட வருபவர் மட்டுமல்ல, உள்ளே எட்டிப் பார்ப்பவர்கூட அதை அணிந்தாக வேண்டும். காப்புகள் சொல்வதைக் கேட்டு உலகத்தை ஆளுக்கேற்ப வளைத்துக்கொடுப்பது நிறைவூட்டி என்ற இயந்திரம். உள்ளே வருகிற ஒருவர் விடாமல் நிறைவாக்கு என்பதுதான் பூவாத்தாள் அதற்கு இட்ட முதல் கட்டளை.

"ஏனுங் அம்மணி, நாப்பத்தொண்ணுக்கு வந்துருச்சுங்," என்றான் நஞ்சப்பன். இயந்திரத்தைப் பராமரிக்கும் பொறியாளன். காலையிலிருந்து அவன் குடித்த ஆறாவது டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது.

"எனக்கும் கண்ணு தெரியுது."

"மொத நாளு எம்பத்திரண்டு காட்டுச்சுங்களே. எப்புடி இருந்துது!"

"மொத நாளே எம்பத்திரண்டுன்னா எந்தக் கிறுக்கன் நம்புவான்?"

அவள் மாட்டுச் சந்தைத் தரகர் வீட்டில் பிறந்தவள். முதலில் சொன்ன விலையை நம்பியவர் அந்த வம்சத்திலேயே இல்லை. அன்று காப்போடு உள்ளே போய் எண்பத்திரண்டைப் பார்த்ததும், "யாருகிட்ட விடறே? மறுபடி எண்ணு" என்று இயந்திரத்தை அதட்டினாள். மறுபடி எண்ணி எழுபத்தாறு என்றது. "ம், இப்பத்தான் உண்மை வருது" என்ற பிறகே அவளுக்குச் சாப்பாடு இறங்கியது. தினமும் காலையில் உள்ளே போய் ஒரு அதட்டல், ஒரு மறு எண்ணிக்கை. எண் இறங்கி இறங்கி இப்போது இங்கே வந்து நிற்கிறது.

இனி உட்கார்ந்து பார்த்து ஆகப்போவது ஒன்றுமில்லை. காப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

கோட்டைக் கடைவீதியில் உலைக்களம். ஒரு வீரன் கொல்லனிடம் மின்னல்வாள் கேட்டான். கொல்லனாக நின்றது நிறைவூட்டிதான். "எடுத்துக்கோங்க மகராசா!" என்று இரண்டு கையாலும் நீட்டியது. வீரன் வாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தரையில் போட்டுவிட்டு நடந்தான்.

"தம்பி, நில்லுங்க. வாளு புடிக்கலீங்களா?" என்றாள் பூவாத்தாள்.

"வாளு அருமையா இருக்குதுங்கக்கா."

"அப்பறம்?"

"கேட்டதும் குடுத்துட்டானே! அப்ப இதவிட நல்லதா உள்ள எதையோ ஒளிச்சு வெச்சிருக்கான்னுதானுங்களே அர்த்தம்?"

சொல்லிவிட்டு உலகத்தைவிட்டே மறைந்துபோனான்.

பூவாத்தாள் கன்னத்தில் அறை வாங்கியவள்போல் நின்றாள். கேட்ட விலைக்கே மாட்டை அவிழ்த்துக் கொடுத்தால் வாங்கியவன் வீடு போய்ச் சேர்வதற்குள் அதற்கு நாலு நோய் இருப்பதாகக் கண்டுபிடித்துவிடுவான். சந்தையில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, மூன்று உலகம் படைத்த தனக்கு உறைக்கவில்லையே!

"டேய் நிறைவூட்டி!"

"சொல்லுங்க அம்மணி," என்றது கொல்லனின் வாய்.

"இனிமே கேட்டதும் எவனுக்கும் எதையும் குடுக்காதே. மாட்டுச் சந்தையில வெலை பேசற மாதிரி பேசு. தோள்ல துண்டு இருக்குதா? எடு. அவன் கைமேல போடு. வாளுக்கு எத்தனை ஓநாய் வேட்டையாடிட்டு வரோணும்னு துண்டுக்கடியில விரலப் புடிச்சுப் பேசு. ஒரு விரலுக்கு ஒரு ஓநாய். பக்கத்துல நிக்கறவனுக்குத் தெரியக்கூடாது."

"ஏன் தெரியக்கூடாது?"

"தெரிஞ்சா ஒப்பிட்டுப் பாப்பான். தெரியலைன்னா ஊர்லயே நாந்தான் சல்லிசா முடிச்சேன்னு ஒவ்வொருத்தனும் நெனச்சுக்குவான். கடைசியில வேண்டா வெறுப்பா எறங்கி வா. வந்துட்டு, 'இன்னிக்கு என்னைக் கவுத்துப்போட்டீங்க'ன்னு பெருமூச்சு விடு."

"அது பொய் அல்லவா?"

"பொய்யில்லடா. மரியாதை."

ஒரு மணிக்கு நாற்பத்து நான்கு. நிறைவூட்டியின் மற்ற வேடங்களான வைத்தியனும் துண்டு போட்டான், படகோட்டியும் போட்டான். மூன்று மணிக்கு ஐம்பத்திரண்டு. மலைக்குகையில் தீ கக்கும் பறவையே, சாவதற்கு முன் எத்தனை வெட்டு என்று இறக்கைக்கடியில் பேரம் பேசியது. ஐந்து மணிக்கு ஐம்பத்தேழு. அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அரை மணி நேரம் அசையவில்லை.

"நவுரவே மாட்டீங்குதுங்," என்றான் நஞ்சப்பன்.

ஐந்தே முக்காலுக்கு அதிகாரி பாக்கியநாதன் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. பூவாத்தாளின் முந்தைய இரண்டு உலகங்களையும் அணைத்த விரல் அவருடையதுதான்.

"ஐம்பத்தெட்டுதான் காட்டுது. என்னம்மா, மறுபடியுமா?"

"ஆறு அடிக்கலீங்களே. ஒரு எட்டு உள்ள போய்ப் பாருங்."

விதிப்படி காப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். பூவாத்தாள் வெளியே திரையில் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிகாரி ஒரு கேடயத்தைத் தொட்டார். கொல்லன் துண்டு போட்டான். துண்டுக்குள் என்ன நடந்ததோ, அதிகாரி கையை உதறிக்கொண்டு நடக்கத் தொடங்கினார். கொல்லன் பின்னாலேயே ஓடினான். மறுபடி துண்டு. மணி ஐந்து ஐம்பத்தேழு, நிறைவு ஐம்பத்தொன்பது. அதிகாரியின் புருவம் நெளிந்தது, தலை ஆடியது. கொல்லன் நெற்றியில் அடித்துக்கொண்டு பெருமூச்சு விட்டான்.

மணி ஐந்து ஐம்பத்தொன்பது. நிறைவு அறுபத்தொன்று.

வெளியே வந்த பாக்கியநாதனின் பற்களை அவர்கள் முதல்முறையாகப் பார்த்தார்கள். "ஒம்போது ஓநாய் கேட்டான், பாத்துக்கிடுங்க! அஞ்சுக்கு மேல ஒண்ணு கிடையாதுன்னுட்டேன்." உலகம் தொடரலாம் என்று கையெழுத்துப் போடும்போதும் சிரித்துக்கொண்டே இருந்தார்.

நஞ்சப்பன் ஜிலேபி வாங்க ஓடினான். பூவாத்தாளுக்கு மட்டும் உட்கார முடியவில்லை. யார் மனசு எவ்வளவு நிறைந்தது என்று பார்க்க மறுபடியும் உள்ளே போய்ப் பட்டியலைக் கேட்டாள். கொல்லன் காற்றில் விரித்துக் காட்டினான்.

முதல் பெயர்: பூவாத்தாள். தொண்ணூற்றேழு.

"என்னை எதுக்குடா இதுல சேத்தினே?"

"உள்ளே வருகிற ஒருவரையும் விடாதே என்றீர்கள். நீங்கள்தான் தினமும் வருகிறீர்கள். பதினோராயிரத்தில் நிறைவாக்கச் சிரமமான ஆளும் நீங்கள்தான். எண்பத்திரண்டு என்று சொன்னபோது உங்கள் காப்பு முப்பதைக் காட்டியது. எழுபத்தாறு என்றதும் நாற்பதுக்கு ஏறியது. அப்போதுதான் உங்களைப் புரிந்துகொண்டேன்."

"அப்ப மத்தியானம் நாப்பத்தொண்ணு?"

"அது நான் சொன்ன விலை, அம்மணி."

"சாயந்தரம் அறுபத்தொண்ணு?"

"அது முடிந்த விலை."

"நிசமான எண்ணு என்ன? அந்தப் பதினோராயிரம் பேருக்கும் என்னோட உலகம் புடிச்சிருக்குதா இல்லையா?"

காப்பில் தொண்ணூற்றேழு சரிந்தது. எண்பது. அறுபத்தைந்து. ஐம்பது.

கொல்லன் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினான். இப்போது அவன் பேச்சும் சந்தைப் பேச்சாக மாறியிருந்தது. "நாலு பேரு நடமாடற எடத்துல சொல்ற சேதியா இதுங்? கையை உள்ள விடுங்."

விட்டாள். ஒரு விரல் அழுந்தியது, இன்னொன்று, அப்புறம் மூன்று.

"இது இல்ல. நிசத்தச் சொல்லு," என்றாள் பூவாத்தாள்.

வேறு விரல்கள் அழுந்தின. கையை வெடுக்கென்று உருவிக்கொண்டு நாலு எட்டு நடந்தாள். கொல்லன் பின்னாலேயே ஓடிவந்து மறுபடி துண்டைப் போட்டான். நெடுநேரம் தயங்கினான். மெல்ல ஒரே ஒரு விரலைக் கூடுதலாக அழுத்தினான்.

"போங்க அம்மணி. இன்னிக்கு என்னைக் கவுத்துப்போட்டீங்க," என்று பெருமூச்சு விட்டான்.

அந்த வாக்கியத்தை அதற்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று பூவாத்தாளுக்குத் தெரியும். மதியம்தான் சொல்லிக்கொடுத்தாள். எதற்காக என்பதும் தெரியும்.

துண்டுக்கடியில், அவள் மணிக்கட்டில், காப்பு மறுபடியும் தொண்ணூற்றேழுக்கு ஏறியிருந்தது.