மேடாக எழுந்த காலடி

காலடித் தடம் என்றால் பள்ளமாக இருக்கும். இது மேடாக இருந்தது.

மேஸ்திரி குனிந்து பார்த்தார். வீட்டுக்காரர் கோல்ஃப் பந்தை உருட்டிப் பழகுவதற்காக, மேஸ்திரியும் அவர் மச்சினனும் காலையிலிருந்து விரித்து ஒட்டிய செயற்கைப் புல்தரை, சாயங்கால வெயிலில் மேஜைத் துணி போல வழுவழுவென்று கிடந்தது. புது ரப்பரின் வாடையும் பசையின் காரமும் மூக்கில் ஏறின. நடுவில், பந்து விழும் குழிக்குப் பக்கத்தில் மட்டும், விரல்கள், உள்ளங்கால், குதிகால் என்று ஒரு முழுப் பாதம் கீழேயிருந்து உப்பி நின்றது.

"டேய் பசை, இங்க வா. ஜல்லியை ஒழுங்கா இடிச்சியா இல்லையா?"

பசை என்பது மச்சினனுக்கு அவர் வைத்த பெயர். ஒட்டுகிற வேலை அவனுடையது. பேச ஆரம்பித்தால் ஆளை விடவும் மாட்டான்.

"மெஷினை வச்சு இடிச்சிருக்கேன் மாமா. இதுமேல லாரியே நிறுத்தலாம். உள்ள காத்து மாட்டியிருக்கும்." வெறுங்காலை அதன்மேல் வைத்து அழுத்தினான். சிரிப்பு பாதியில் நின்றது. "மாமா... சூடா இருக்கு."

"வெயில்ல கிடந்தா சூடாத்தான் இருக்கும். பிரஷ்ஷைப் போடு. நான் மணல் எடுத்துட்டு வர்றேன்."

வீட்டின் பக்கவாட்டுச் சந்தில் மணல் மூட்டையைத் தோளில் ஏற்றும்போது, புல்லை நிமிர்த்தும் பிரஷ்ஷின் சத்தம் சரக், சரக் என்று சீராக வந்துகொண்டிருந்தது. பிறகு ஒரு சரக் பாதியிலேயே நின்றது.

திரும்பி வந்தபோது பிரஷ் தரையில் கிடந்தது. பசை இல்லை.

மூன்று பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர். வெளியே போக அவர் வந்த சந்து ஒன்றுதான் வழி. வீட்டுக்காரர் வெளியூரில், பின்கதவு பூட்டியிருந்தது. போன் போட்டார். மரக்கிளையில் தொங்கிய பசையின் சட்டைக்குள் அது அடித்தது.

"மாப்ளே! விளையாடாதடா. இருட்டறதுக்குள்ள முடிக்கணும்."

குழிக்குப் பக்கத்தில் இப்போது இரண்டு பாதங்கள் எழும்பியிருந்தன. இடது பாதத்தில் சுண்டுவிரல் இல்லை.

அவர் மூட்டையைப் போட்டார். போன வருஷம் ஜல்லி இடிக்கும் மெஷின் மச்சினனின் அந்த விரலை நசுக்கியபோது, அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் அவர்தான்.

மனைவிக்கு போன் போட்டார். "உன் தம்பி அங்க வந்தானா?"

"உங்ககூடத்தானே இருக்கான்? ஏன் உங்க குரல் ஒரு மாதிரி இருக்கு? அவனுக்கு நம்மள விட்டா யாருங்க இருக்கா... இருங்க, வர்றேன்."

"நீ வர வேண்டாம்..." அதற்குள் வைத்துவிட்டாள்.

அவள் வருவதற்குள் அவனை எடுத்துவிட வேண்டும். கத்தியால் ஒட்டிய இடத்தைக் கிழித்தார். காயாத பசை நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. விரிப்பைப் புரட்டினார். கீழே இடித்த ஜல்லி, தார் ரோடு மாதிரி, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. கடப்பாரையால் குத்தினார். கையால் பறித்தார். நகம் பெயர்ந்தது. கல். கல்லுக்குக் கீழேயும் கல்.

முதுகுக்குப் பின்னால், இன்னும் கிழிக்காத பாதியில், அந்த நாலு விரல் பாதமும் அதன் ஜோடியும் மெல்ல எழும்பின.

ரத்தக் கையோடு வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். "சார், இந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு?"

"ஒண்ணுமில்லையே மேஸ்திரி. ஏன், நீங்களும் பாதியில ஓடப் போறீங்களா? முன்னாடி வந்தவங்க அப்படித்தான், சொல்லாமக்கொள்ளாம போயிட்டாங்க. மெஷினைக்கூட எடுத்துக்கல. ஷெட்லதான் கிடக்கு."

மெஷினை விட்டுவிட்டு எந்தத் தொழில்காரன் போவான்?

அவர் செருப்பை உதறிவிட்டு ஓடிப்போய் அந்தப் பாதங்களின் மேல் ஏறி நின்றார். உள்ளங்காலோடு உள்ளங்கால். சூடு. விரல்கள் கீழேயிருந்து அசைந்தன. பிடி கிடைக்காதவன் தவிப்பது போல.

"மாமா இருக்கேன்டா. போயிடாத. போயிடாதடா."

காலை எடுத்தால் அவன் போய்விடுவான். எடுக்காவிட்டால் தோண்ட முடியாது. அழுதார். வெளிச்சம் சுவரில் ஏறி மறைந்தது. சூடு குறைந்தது. இன்னும் குறைந்தது. அசைவு நின்றது.

சந்தில் கதவு கிறீச்சிட்டது. அவருடைய மனைவி.

"என்னங்க! என் தம்பி எங்க?"

அந்தக் குரல் கேட்டதும் காலுக்குக் கீழே இருந்தவை நழுவின. புல் அலையாய் எழும்பி அவள் பக்கம் போனது. ஒரு ஜோடி இல்லை. பல ஜோடிகள். பெரிய பாதம், ஒல்லிப் பாதம், வெடித்த குதிகால். விரிப்பின் ஓரத்தில் நெருக்கியடித்து நின்றன, விரல்களெல்லாம் அவளைப் பார்த்தபடி. முன்னால் நின்றது நாலு விரல் பாதம்.

அவர் ஓடப் பார்த்தார். முடியவில்லை. வேறு யாருடையதோ இரண்டு உள்ளங்கால்கள் அவருடையதைக் கவ்வியிருந்தன. ஜில்லென்று.

"கால் வைக்காதே! அதுல கால் வைக்காதே!"

அவள் ஓரத்தில் சட்டென்று நின்றாள். புதிதாக ஒட்டிய தரையில் செருப்போடு ஏறினால் அவர் எப்படிக் கத்துவார் என்று அவளுக்குத் தெரியாதா? எத்தனை வருஷமாகத் திட்டு வாங்கியிருக்கிறாள். இருட்டில் அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

"கத்தாதீங்க, கழட்டிட்டேன்," என்றாள்.

வெறுங்காலைத் தூக்கினாள். கீழே, எல்லாப் பாதங்களும் விரல் நுனியில் எம்பின.